பிரசீலியா நேரம் ஒரு மணி

பூட்டு என் கையில். நேரம் என் கையில் இல்லை.
அது ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்,
நான் பார்த்திராத தலைநகரில் இருக்கிறது.
அங்கே ஒரு மணி ஆனால்
இங்கே நான் கதவைச் சாத்த வேண்டும்.
எங்கள் ஆற்றுக்கு அப்போது பதினொன்று.
பாதி வீடுகளில் உலையே ஏறியிருக்காது.

வருடத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் இந்த வேலை.
மற்ற நாளெல்லாம் இதே பள்ளியில்
கழிவறை கழுவுகிறேன்,
மேசைக்கடியில் ஒட்டிய சூயிங்கம் சுரண்டுகிறேன்.

பிந்தி வருகிறவர்களைப் பார்ப்பதற்கென்றே
ஒரு கூட்டம் வரும். மடக்கு நாற்காலி, குச்சி ஐஸ்,
கையில் தயாராகப் பிடித்த செல்போன்.
போன வருடம் ஒருத்தி ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தாள்.
கைதட்டினார்கள்.
அவளுக்கா, கதவுக்கா, இன்னும் எனக்குத் தெரியாது.

வால்டெசிர் பேனா விற்கிறான்.
கறுப்பு மை, உள்ளே இருப்பது தெரிகிற குழாய்;
வேறெதற்கும் அனுமதியில்லை.
காலையில் இரண்டு ரெயால்.
கடைசிக் கால்மணியில் ஐந்து.
கதவு சாத்திய பிறகு
சும்மா நீட்டினாலும் வாங்க ஆளில்லை.

லவீனியா காரிலிருந்து இறங்கினாள். பதினைந்து வயது.
பள்ளி முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதாம்,
சும்மா எழுதிப் பழக வந்தாளாம்.
சட்டத்தில் அதற்கு இடமுண்டு. மதிப்பெண் வரும்,
கணக்கில் வராது.
கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.
பூட்டு நாக்கைக் கடித்தது.
அப்புறம்தான் மேட்டில் அவன் தலை தெரிந்தது.

ஒசியேல். ஜுருவா ஆற்றின் மேல்கை.
தொடைவரை ஈரம், ஈரத்தின் மேல் மணல்.
படகு திட்டில் ஏறிவிட்டது,
இறங்கித் தள்ளினோம் என்றான். யாரும் கேட்கவில்லை.
விடிய மூன்று மணிக்குக் கிளம்பியவன்.
அடையாள அட்டையும் பேனாவும்
பிளாஸ்டிக் பையில், முடிச்சுப் போட்டு,
அவை மட்டும் காய்ந்திருந்தன.

"மணி என்ன?"
"ஒன்று," என்றேன்.
அவன் அண்ணாந்து சூரியனைப் பார்த்தான்.
என்னைத் திட்டியிருக்கலாம்.
கம்பியைப் பிடித்து உலுக்கியிருக்கலாம்; செல்போன்கள்
அதற்காகத்தான் உயர்ந்து நின்றன.
அவன் ஈரக் காற்சட்டையைப் பிழிந்துவிட்டு
மாமரத்தடியில் உட்கார்ந்தான்.
பத்து நிமிடத்தில் கூட்டம் கலைந்தது,
காசு கொடுத்துப் பார்த்த படம் சரியில்லை என்பதுபோல.

நான் மதியம் சாப்பிட்டேன். ஆமாம், சாப்பிட்டேன்.
மரவள்ளி மாவும் மீனும். அவனுக்கும் நீட்டினேன்,
கம்பி வழியாக. வாங்கிக்கொண்டான்.

கடைசி அரை மணியில் வெளியேறினால்தான்
வினாத்தாளை எடுத்துப்போகலாம்.
லவீனியா வந்தாள், மஞ்சள் புத்தகத்தால் விசிறிக்கொண்டு.
"அதை எனக்குத் தருவாயா?"
இது முடிந்துபோன தேர்வாயிற்றே என்றாள்.
தெரியும் என்றான்.
கொடுத்தாள். காரில் ஏறும் முன் ஒருமுறை திரும்பினாள்,
எதையோ உள்ளே மறந்துவைத்தவள் மாதிரி.

தொண்ணூறு கேள்விகள். முப்பது வரிக் கட்டுரை.
கட்டுரைக்குத் தாள் இல்லை; மாவுப் பையைக் கிழித்து
மடியில் வைத்துத் தேய்த்து நிமிர்த்தினான்.

எல்லாரும் போய்விட்டார்கள்.
சங்கிலியை அவிழ்த்தேன், திறந்துதான் கிடந்தது கதவு;
அவன் உள்ளே வரவில்லை.
தெருவிளக்கு எரியத் தொடங்கியது.
"ஐந்தரை மணி நேரம்," என்றான்.
"முடிந்ததும் சொல்வீர்களா?"

எந்த ஊர்க் கடிகாரப்படி என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் அவன் குனிந்து
பேனா மூடியைப் பல்லால் கழற்றிவிட்டான்.
கைக்கடிகாரத்தைக் கழற்றி
விளக்கு வெளிச்சம் படும்படி
படியில் வைத்தேன்.