இருபத்தேழாம் கிலோமீட்டர்

விலை தெரிந்தால் சண்டை வரும் என்று
கட்டிலுக்கு அடியில் மூன்று நாள்
ஒளித்து வைத்திருந்தான் தாணுலிங்கம்.
நான்காம் நாள் தூத்தபோது
விளக்குமாறு அந்தப் பெட்டியில் இடித்தது.

பைக் பந்தயம்.
மைதானம் இல்லை, ஊர்ச்சாலையாக்கும் என்றான்.
எந்தக் கடலின் எந்தத் தீவோ,
கல்மதிலுக்கும் கல்மதிலுக்கும் நடுவே
அறுபது கிலோமீட்டர்.
ஒரு தபாலாபீஸ், சின்னதாய் ஒரு சர்ச்,
யாரோ ஜன்னலில் காயப்போட்ட துண்டு.
டயர் சூடாகும் முன் வளைத்தால் சறுக்கும்.
முன் பிரேக்கை நெரித்தால் பின்சக்கரம் எழும்பும்.
எல்லாம் நிசம் போல.
"உனக்க ஸ்கூட்டி மாதிரி இல்ல, பாத்துக்க."

இருநூற்று எண்பதில் அவன் வாய் திறந்துகொள்ளும்.
உடம்பு நாற்காலியோடு சாயும்.
கண்ணாடி டம்ளர் இரண்டு உடைந்தது அப்படித்தான்.

மலைமுகட்டில் மதில் முடிகிறது.
இருபத்தேழாம் கிலோமீட்டர்.
தினமும் அங்கேதான் விழுவான்.
வளைவும் கிடையாது,
ஈர்க்குச்சி போல நேர்ச்சாலை.
விழுந்தவன் எழுந்து தொடையைத் தட்டிவிட்டு
நாலு நொடியில் மறுபடி வண்டி ஏறுவான்,
திரையில்.
நாற்காலியில் இருப்பவனுக்குத்தான்
இரவு முழுக்க உறக்கம் இல்லை.
டயரை மாற்றினான், சஸ்பென்ஷனை இறுக்கினான்,
ஹெல்மெட்டுக்குச் சிவப்பு அடித்தான்.
முப்பந்தலில் நிறுத்தி
இசக்கியம்மனுக்குக் காசு போடாத லாரி போல
விழுந்துகொண்டே இருந்தான்.

தோவாளையிலிருந்து அந்த முப்பந்தலுக்குத்தான்
பதினோரு வருடமாகப் போகிறேன்,
காற்றாலைக் கம்பெனி ஸ்டோரில்
போல்ட்டு நட்டு கணக்கெழுத.
ஆனி பிறந்தால்
ஆரல்வாய்மொழி தாண்டி மலை விலகும் இடத்தில்
காற்று வந்து தோளைப் பிடித்துத் தள்ளும்.
முந்தானைக்கு ஊசி மூன்று.
சோற்றுப் பாத்திரம் காலுக்கு நடுவே, கனத்துக்கு.
ஒருமுறை எனக்கு முன்னால் போன வைக்கோல் லாரி
வைக்கோல் இல்லாமல் பணகுடி சேர்ந்தது.

அவன் எத்தனையாவதோ முறை விழுந்தபோது
மதிலோரப் புல்லைப் பார்த்தேன்.
படுத்திருந்தது.
எந்த ஊர்க்காரனோ
பொறுமையாக ஒவ்வொரு தாளாய்
காற்றுக்குப் படுக்க வைத்திருக்கிறான்.
தாணு முள்ளையே பார்த்திருந்தான்.

"இங்க தா" என்றேன்.

தபாலாபீஸ் சுவரில் பதினான்கு தடவை மோதினேன்.
கட்டைவிரல் வீங்கிற்று.
சனி போய் ஞாயிறும் போய்
உலை கொதித்து அடங்கிய பிறகு
ஒருவழியாய் அந்த முகடு.
புல் படுக்கும் முன்பே என் தோள் இறங்கியது,
நான் கேட்காமல்.
வண்டி நடுங்கியது, ஓரத்து வெள்ளைக்கோடு வரை போனது,
நின்றது என் கையில்.

"நூத்தி நாப்பதுல போனா ஆருக்கும் முடியும்."
உண்மைதான்.

இருபத்தெட்டு.
அவனும் பார்த்திராத சாலை.
மேகம் ஒதுங்கி, கீழே கடல்
சாம்பல் நிறத்தில் கிடந்தது.
இரண்டு பேரும் பேசவில்லை.
பைக் ஒன்றுதான் கத்தியது.
அப்போது போனது கரண்ட்.

வெளியே இருட்டில்
ஆயிரம் காற்றாடி சுற்றும் சத்தம்.
எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு விளக்குக்கு வழியில்லை.
"சேவ் ஆகியிருக்குமா?" என்றான் தாணு.
மெழுகுவர்த்தி தேடிப் போனேன்.

திங்கட்கிழமை அவன் வண்டி ஒர்க்‌ஷாப்பில்.
என் பின்னால் ஏறினான்,
கைப்பிடிக்கும் என் இடுப்புக்கும் நடுவில்
எங்கே பிடிப்பதென்று தெரியாமல்.
உடைமரங்கள் ஒரே பக்கம் குனிந்து நிற்கும்
அந்தத் திருப்பத்துக்கு
அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே
ஒரே சாய்வாய்ச் சாய்ந்தான்.
ஓடைக்குள் போயிருப்போம்.

"இன்னும் வரல்ல" என்றேன்.
"நேரா இரி. இன்னும் வரல்ல."