மூன்றாம் பக்கம்

கிரே தெருவில், சேலைக்கடைக்கு மேலே
பத்தொன்பது படி ஏறினால் எங்கள் அலுவலகம்.
பித்தளைப் பலகையில்
லோகாம்பாள் படையாச்சி, வழக்கறிஞர்.
உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி,
ஆங்கில ஈ மட்டும் வரிக்கு மேலே துள்ளும்
என் தட்டச்சு இயந்திரம்.

மூன்று படி எடுப்பேன்.
ஒன்று நீதிமன்றத்துக்கு, ஒன்று கோப்புக்கு,
ஒன்று, போலீஸ் வந்து கோப்பை அள்ளிப்போகும் நாளுக்கு.
அது என் வீட்டு மசாலாத் தகரத்தில் இருக்கும்.
இன்றைக்கும் அந்தத் தாள்களில் மல்லி மணக்கிறது.

வந்தவர்கள் ஜூலுவில் அழுவார்கள், தமிழில் அழுவார்கள்.
நான் ஆங்கிலத்தில் தட்டுவேன்.
அழுகைக்கென்று அதில் விசை கிடையாது.

ந்டோம்பிஃபுதியின் தம்பி காவலில் செத்தபோது
கயிறு என்றார்கள், படிக்கட்டு என்றார்கள்,
கடைசியில் இருதயம் என்றார்கள்.
லோகாக்கா (என்னைவிட நான்கு வயது சின்னவள்,
எனக்கும் அக்காதான்)
போலீஸ் மருத்துவரிடம் ஒன்றுதான் கேட்டாள்:
"பொத்தான் எல்லாமே ஒரு துளை தள்ளிப் போட்டிருக்கு.
இந்தச் சட்டையை அவனுக்கு மாட்டிவிட்டது யார்?"
மருத்துவர் தண்ணீர் கேட்டார்.
தீர்ப்பு எங்களுக்கு வரவில்லை.
திரும்பும் வழியில் உம்கேனிப் பாலத்தில்
காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள்.

பிறகு அந்தக் குடிசை வழக்கு.
கேட்டோ மேனரில் அவள் அப்பாவின் வீட்டை
அரசாங்கம் இடித்தபோது அவளுக்கு ஒன்பது வயது.
அதை மனுவில் எழுத விடவில்லை.
"என் கதை எதுக்கு? தட்டு" என்றாள்:
கூரை போடுவது குற்றமாகாது, கனம் நீதிபதி அவர்களே,
மழைதான் முதலில் வந்தது.
நீதிபதி சிரித்துவிட்டு
ஆறு வாரம் தடை கொடுத்தார்.

தொண்ணூற்று நான்கில்
கட்சிப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது.
பலகையைக் கழற்றி என்னிடம் தந்தாள்,
நான்கு திருகாணியையும் ஓர் உறையில் போட்டு.
பீட்டர்மாரிட்ஸ்பர்க் சட்டசபையில் அவள் முதலில் பேசியது
ஓய்வூதிய வரிசையில் நிற்பவர்களுக்கு
பெஞ்சு போடச் சொல்லி.
போட்டார்கள். நான் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

பல வருஷம் போயிற்று.
குடிசைகளை அகற்ற ஒரு மசோதா வந்தது.
தொலைக்காட்சியில் பார்த்தேன்,
கைகள் எழுந்தன, அவள் கை கடைசியாக,
முழங்கை மேசையை விட்டு எழாமல்,
ஆனாலும் எழுந்தது.
அடுப்பில் பருப்பு தீய்ந்ததை நான் கவனிக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் ந்டோம்பிஃபுதி வந்தாள்.
எங்கள் அலுவலகம் இருந்த இடத்தில்
இப்போது கைபேசி பழுது பார்க்கிறார்கள்;
விசாரித்து விசாரித்து என் ஃபிளாட்டுக்கு வந்திருந்தாள்.
தன் கதவில் சிவப்பு மையில் ஓர் எண் எழுதியிருப்பதாகச் சொன்னாள்.
"லோகாவைக் கூப்பிடு."
கூப்பிட்டேன். செயலாளர் எடுத்தார்.
மறுபடி கூப்பிட்டேன். அதே செயலாளர்.

தகரத்தைத் திறந்தேன்.
தேதியை மாற்றினேன்.
எதிர்மனுதாரர் என்ற இடத்தில்
பழைய அரசாங்கத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன்.
மற்றபடி அவள் எழுதியது அப்படியே,
மழைதான் முதலில் வந்தது உட்பட.
கணினி வேண்டாம் என்று
பழைய இயந்திரத்திலேயே தட்டினேன், வீம்புதான்.

டர்பன் நீதிமன்றத்தில் ஸனேலே என்ற சின்னப்பெண்
அதை வாசித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள்,
கொஞ்சம் வேகம்.
மதியம் ஒத்திவைத்தார்கள்.
தாழ்வாரத்தில் யாரோ என் கையிலிருந்த படியை வாங்கினார்கள்.
கறுப்புக் கண்ணாடி, நரைத்த வகிடு,
கட்சிக்கொடி குத்திய கோட்டு.

நின்றபடியே புரட்டினாள்.
"ஈ துள்ளுது" என்றாள்.
நான் பேசவில்லை.
அவள் கொடியைக் கழற்றவில்லை,
மன்னிப்பும் கேட்கவில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
முதலிலிருந்து மறுபடி படித்தாள்.

"மூணாம் பக்கத்துல ஒரு வாதம் விட்டுப்போச்சு.
அன்னைக்கே விட்டுட்டேன்.
பேனா இருக்கா?"