டிகாஷன் நிறம்

புயல் நான்கு நாள் கடற்கரையைப் பூட்டி வைத்தது.
ஐஸ் ஹவுஸ் சந்தில், தார்ப்பாய்க்குக் கீழே
நின்றாய் நீ.
எனக்கும் வேலை இல்லை, உனக்கும் இல்லை.
சவாரி இல்லாத நாளில் கொள்ளு குறைக்கணும் என்று
கிண்டியில் உன்னை விற்றவன் சொன்னது ஞாபகம் இருந்தது.
இருந்தும்,
மழை சொட்டும் உன் முகத்தைப் பார்த்து
ஒரு படி கூடவே போட்டேன்.
தவிடு. வெல்லம்.
வெல்லத்துக்கு நீ காது மடிக்கும் அழகு.

ஞாயிறு வெயில் வந்தது, கூட்டமும்.
நாலு நாள் கடனை ஒரே சாயங்காலத்தில் அடைக்கப் பார்த்தேன்.
ஏழாவது சவாரி
மஞ்சள் சட்டைப் பையன்.
அவன் அப்பா செல்போனைத் தூக்கிப் பிடித்து
‘ஓடச் சொல்லுங்க பாய், ஓடச் சொல்லுங்க.’
ஓடினாய்.
கிண்டியில் வேறு பேர் இருந்ததே உனக்கு,
அந்தப் பேரோடு ஓடினாய்.

திரும்பும்போது நின்றுவிட்டாய்.

அடம் என்று நினைத்தேன்.
லகானை இழுத்தேன். இதை மறைக்க முடியாது:
இரண்டு முறை இழுத்தேன்.
அப்புறம்தான் பின்தொடையில் கை வைத்தேன்.
சதை இல்லை அது,
கட்டுமரக் கட்டை.
வயிற்றிலிருந்து வேர்வை சொட்டி
மணலில் குழி விழுந்தது.
பிறகு நீ சிறுநீர் விட்டாய்,
தண்ணீர் சேர்க்காத முதல் டிகாஷன்.

‘வயித்துவலிதான், நாலு சுத்து நடக்க வை.’
‘இஞ்சிச் சாறு ஊத்து.’
‘கண்ணு பட்டிருக்கு.’ பஜ்ஜிக் கடையிலிருந்து
எலுமிச்சம்பழமே வந்துவிட்டது.
வேப்பேரியிலிருந்து டாக்டர் ஹெப்சிபா போனில் சொன்னார்:
‘ஓரடிகூட நடத்தாதீங்க.
நிக்கிற இடத்துலயே நிக்கட்டும்.’

நிற்கிற இடம்
அலையிலிருந்து முப்பது அடி.

ஸ்கூட்டரில் வந்தார். ஊசி போட்டார்.
மருந்துநீர் பாட்டிலைத் தொங்கவிட ஒன்றும் இல்லை.
பலூன் சுடும் கடை பவளக்கொடி
தன் மூங்கிலைப் பிடுங்கி வந்து நட்டாள்.
யாரும் சுடாத பதினொரு பலூன்களுக்கு நடுவே
பாட்டில் ஆடியது.
காற்றுக்கு மறைப்பாக
எவர் கல்யாணத்தின் பிளக்ஸோ உன் போர்வைமேல்.
மணமகன் உன் இடது விலாவில் சிரித்துக்கொண்டிருந்தான்.

‘சும்மா நிக்கிறப்போ முழுத் தீனி,
அப்புறம் திடீர்னு ஓட்டம்.
சதை உடைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கு.
இனி கிட்னி தாங்கணும்.’
‘பாசத்துல போட்டேன் மேடம்.’
‘அதான்’ என்றார்,
ஊசிமுனையை டப்பாவில் போட்டபடி.

பத்து மணிக்கு விசில் ஊதிக் கூட்டம் கலைத்த ஏட்டு
உன்னைப் பார்த்தார், விசிலைப் பையில் வைத்தார்,
இரண்டு கேன் தண்ணீரோடு திரும்பி வந்தார்.
வாளியில் ஒரு பிடி உப்பு.
நீ குடித்தாய். குடிக்கும் சத்தத்தை எண்ணினேன்.

சுண்டல் கப்பில் பிடித்த உன் சிறுநீரை
செல்போன் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
கல்யாணத்துக்கு முன் மெஹருன்னிஸா எழுதிய கடிதத்தைக்கூட
இத்தனை கிட்டத்தில் வைத்துப் படித்ததில்லை.
ஒரு மணிக்கு டிகாஷன்தான்.
மூன்றுக்குக் கட்டஞ்சாயா.
கலங்கரை விளக்கத்தின் கதிர் சுற்றி வரும்போதெல்லாம்
உன் கண் ஒருமுறை எரிந்து அணைந்தது,
அது அணையும்போதெல்லாம் நான்
பின்தொடையைத் தொட்டேன்.
இறுக்கம். இறுக்கம். இறுக்கம்.
விடியலுக்குச் சற்றுமுன்
விரல் கொஞ்சம் அமிழ்ந்தது.

வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறம் வந்தபோது
சூரியனும் வந்திருந்தது, கவனிக்கவில்லை.

மீன் டெம்போவில் வீடு சேர்ந்தாய்.
கொள்ளு கிடையாது. ஊறவைத்த காய்ந்த புல், உப்பு, தண்ணீர்.
நாலாம் நாள் பத்து அடி.
ஆறாம் நாள் மசூதி வாசல் வரை.
டாக்டர் ரத்தம் எடுத்து எண்ணைப் பார்த்து
‘பரவால்ல’ என்றார்; அந்த எண்
எனக்குப் புரியவில்லை, பரவாயில்லை.
வட்டிக்காரர் வந்தார். சேணம் ஆணியில் தொங்குவதைக் காட்டினேன்.

பதினாறாம் நாள் மணலுக்கு வந்தோம்.
‘எவ்ளோண்ணே?’ என்றாள் ஒரு சிறுமி.
‘சவாரி இல்லம்மா. இது நடை.’
அவளும் கூடவே நடந்தாள், கொஞ்ச தூரம்,
உன் வேகத்துக்கு.

அலையோரம் நின்று என் சட்டைப்பையை மோந்தாய்,
வெல்லம் தேடி.
டாக்டர் சீட்டுதான் இருந்தது.
அதையும் பாதி தின்றுவிட்டாய், குல்ஃபி,
எந்தப் பாதி என்றுதான்
இப்போது போன் போட்டுக் கேட்க வேண்டும்.