நாள் வாடகை

பாபுராவ் தெரு, மூன்றாம் மாடி.
நாளுக்கு நானூற்றைம்பது, கேஸ் தனி.
பூட்டைத் திறந்தபடி முனிரத்தினம்
என்னிடம் வங்காளத்தில் ஏதோ கேட்டார்.
கோவில்பட்டி என்றேன்.
"தமிழா? இன்னாமா, முன்னாடியே சொல்லக்கூடாதா"
என்று கொஞ்சம் ஏமாந்தவர் போலச் சிரித்தார்.

பிறகு நோட்டைப் பிரித்து வாசித்தார்:
குக்கர் ஒண்ணு, விசிலோட.
சட்டி ரெண்டு. தட்டு மூணு. கரண்டி ரெண்டு.
காலி பண்றப்ப இதே கணக்கு இருக்கணும்.
எத்தினி நாள்?

ஆஸ்பத்திரி அட்டையில் அடுத்த புதன் வரைக்கும்தான்
எழுதியிருக்கிறது.
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார்.
அந்தப் பக்கம் முழுக்கப் பென்சில் கேள்விக்குறிகள்.

தம்பி கொம்பையா சட்டையைக் கூடக் கழற்றாமல் படுத்தான்.
ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்தின் ஜன்னல்.
அதில் திரைக்குப் பதிலாக எக்ஸ்ரே ஒட்டியிருந்தார்கள்.
யாருடையவோ விலா எலும்புகள்
வெயிலை வடிகட்டிக்கொண்டிருந்தன.

கட்டிலை ஒட்டிய சுவரில்,
படுத்தபடியே கை எட்டும் உயரத்தில், பேனாக் கோடுகள்.
ஐந்து ஐந்தாகக் கட்டியிருந்தது.
எண்ணினேன். எண்ணுவது என் தொழில்,
பதினோரு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில்.
நாற்பத்து மூன்று.
கடைசிக் கட்டு மூன்றோடு நிற்கிறது.
ரயிலுக்கு டிக்கெட் கிடைத்திருக்கலாம்.

வேலூர் வெயிலில் மாடித் தொட்டி
மத்தியானமே உலை வைத்துவிடும்.
விடியுமுன் நாலு மணிக்கு
நடையில் இருக்கும் போர் குழாயில் பிடித்தால்தான்
அவன் முகம் கழுவத் தண்ணீர்.
அங்கே தினமும் எனக்கு முன்னால் ஒரு பச்சை வாளி.
வாளிக்குப் பின்னால் ஷிபானி, அகர்தலா.
அவள் அறையில் கணவன், என் அறையில் தம்பி.
அவள் தன் முழங்கை மடிப்பைக் காட்டினாள்.
நான் என் இடுப்பைக் காட்டினேன்.
அறிமுகம் முடிந்தது.

அவளுக்குத் தெரிந்த தமிழ்:
டோக்கன் எங்கே. ரத்தம் குடுத்தாச்சு. காரம் வேணாம்.
எனக்குத் தெரிந்த வங்காளம்:
ஜோல் என்றால் தண்ணீர்.
ஜோல் என்றால் குழம்பும்தான்.
பாத்திரத்தைப் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாளே என் முகத்தைப் பார்த்து
"பாலோ?" என்றாள்.
கேட்டு வந்தவளை எப்படி அனுப்புவது,
தம்பியின் பாக்கெட்டில் இருந்து
அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன்.
விழித்தாள். வாங்கிக்கொண்டாள்.
மறுநாள் அதே டம்ளரில்
கடுகெண்ணெயில் பொரித்த கத்தரிக்காய், ஒரு கரண்டியோடு.
பிறகு, "பாலோ?"

நாலாம் நாள் முனிரத்தினம் படிக்கட்டில் நின்று சிரித்தார்:
"நல்லா கீறியான்னு கேக்குதுமா அது.
நீ இன்னாடான்னா பால் ஊத்திக்கினு கீற."

அதற்கப்புறமும் ஊற்றினேன்.
வேறு பதில் என்னிடம் இல்லை.

புதன் வந்தது,
அடுத்த புதனைக் காட்டிவிட்டுப் போனது.

ஒருநாள் நாலு மணிக்குப் பச்சை வாளி இல்லை.
அவள் அறை திறந்துகிடந்தது, பினாயில் வாசனை.
முனிரத்தினம் குந்தியிருந்து பாத்திரம் எண்ணினார்.
"ரயிலா?" என்றேன்.
"ராத்திரியே காலி" என்றார், நிமிராமல்.
எந்தக் காலி என்று கேட்க
எந்த மொழியிலும் எனக்கு வாய் வரவில்லை.
"கரண்டி ஒண்ணு குறையுதுமா. உன்னாண்ட இருக்கா?"
ரெண்டுதான் இருக்கு, நோட்டுல இருக்கிறபடி, என்றேன்.
உள்ளே போய் மூன்றாவதை
அரிசிக்குள் புதைத்தேன்.
பதினோரு வருஷத்தில் என் முதல் பொய்க்கணக்கு.

ரப்பர் இல்லை போல.
எச்சில் தொட்ட விரலால்
அவர் ஒரு கேள்விக்குறியை அழித்துக்கொண்டிருந்தார்.
தாள் கறுத்ததே தவிர
குறி போகவில்லை.

நேற்று அந்த அறைக்கு
அரூர்ப் பக்கமிருந்து ஒரு பெண், கைக்குழந்தையோடு.
இன்று நாலு மணிக்குக் குழாயடியில்
தூக்கம் கலையாமல் நின்றிருந்தாள்.
என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்:
"பாலோ?"

"இல்லக்கா," என்றாள்,
"வாங்கிட்டேன்."