எறும்புச் சாட்சி

குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு முதல் பஸ்.
மருந்து ஏறும் நாளில் சன்னலோரம் எனக்கு,
வாந்திப் பையைப் பிடிப்பது அவர்.

ரோஸ்மில்க் நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும்.
மார்புக் கட்டியைத் தேடிப் போகிற வழியில்
இதயத்தையும் ஒரு கடி கடித்துவிட்டுப் போகுமாம்.
பக்கத்து நாற்காலி ஆம்பூர் டீச்சருக்கு
அப்படித்தான் ஆனது.
கட்டி கரைந்துவிட்டது.
இப்போது நாலு படி ஏறினால்
ஐந்தாவதில் உட்கார்ந்துவிடுகிறார்.

அதற்காகத்தான் எனக்கு இந்த மாத்திரை.
சர்க்கரைக்காரர்களுக்கென்று வந்தது
இதயத்துக்கும் காவல் நிற்குமா என்று பார்க்கிறார்கள்.
எனக்குச் சர்க்கரை இல்லை.
கையெழுத்து வாங்கிய பெண் நிதானமாகச் சொன்னாள்:
"பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு.
யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாதும்மா,
டாக்டருக்கும் தெரியாது."

தணிகாசலம் சிரித்தார்.
"இன்னாமே, நான் காசு குடுத்துத் துன்றத
நீ ஓசியில துன்றியா?"
பத்து வருஷமாகச் சர்க்கரை அவருக்கு.
ரத்தத்து இனிப்பை மூத்திரத்தோடு
வெளியே தள்ளிவிடும் அந்த மாத்திரை.
அவர் போய்வந்த கக்கூஸ் மூலையில்
ரேஷன் கடை வரிசையாய் எறும்பு.

நான் பீடி சுற்றிய கைக்காரி.
கட்டில் ஒன்று குறைந்தால் விரலே சொல்லிவிடும்.
இந்த மாத்திரையிடம் மட்டும்
விரலும் தோற்றது, நாக்கும் தோற்றது.

மச்சான் வீட்டு விசேஷத்துக்கு
அவர் சித்தூர் போன அன்று
பினாயில் ஊற்றி இரண்டு தரம் தேய்த்தேன்.
தண்ணீர் ஊற்றாமல் விட்டேன்.
வெட்கமாகத்தான் இருந்தது.

முதல் நாள் சிவப்பாய்ப் போனது.
அது அந்த மருந்தின் சாயம், பயப்படாதே என்று
நர்ஸ் ஜெபசீலி முன்னமே சொல்லியிருந்தாள்.
இரண்டாம் நாள் ஒன்றுமில்லை.
மாவுதான் என்று படுத்துக்கொண்டேன்.
தலையணையில் கடைசி முடிகள்.

மூன்றாம் நாள் விடியலில் கரண்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில்
ஒன்று.
சுவரோடு ஒட்டி, மோப்பம் பிடித்து,
திரும்பிப் போய்விட்டது.
குந்தியபடியே இருந்தேன், கால் மரத்துப்போக.
பிறகு வந்தன.
ஒரு கட்டு, இரண்டு கட்டு,
மூன்றாவது கட்டில் எண்ணிக்கை தப்பிற்று.

அடுத்த வாரம் எக்கோ.
வெளியே கத்திரி வெயில்,
மார்பில் ஐஸாய் அந்தப் பசை.
திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ
திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது.
"அறுபது" என்றார்கள். போன தடவை அறுபத்திரண்டு.
"வேற ஏதாவது மாற்றம் உண்டா?"
தலைசுற்றல், தாகம், அரிப்பு, காய்ச்சல்
எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது தாளில்.
எறும்புக்கு இல்லை.
"ஒண்ணுமில்ல" என்றேன்.

அடுத்த வீட்டில் அன்று
வெல்லம் உடைத்தார்களோ என்னவோ.
கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும்
பினாயில் பாட்டிலோடு கிளம்பினார் தணிகாசலம்.
"எவ்ளோ எறும்பு பாரு, எல்லாம் என்னால."
பாட்டிலை வாங்கி
அலமாரிமேல் அவருக்கு எட்டாத தட்டில் வைத்தேன்.