அரைப்பேர்

ஒன்பதரைக்குக் குளிசை போட்டால்
பத்துக்குள் கால் போய்விடும்.
பிறகு நாக்கு.
பிறகு மாரியம்மன் படத்துக்குக் கீழே எரிகிற
சிவப்பு பல்ப்.

கனவு கிடையாது.
முன்பு தூக்கமே கிடையாது.
பதினொரு ராத்திரி
கூரைத் தகரத்தில் ஆட்கள் நடந்தார்கள்,
என் பேரைச் சொல்லி,
பீலித் தண்ணீரில் என்னவோ கலந்திருப்பதாகச் சொல்லி.
இப்போது அவர்கள் இல்லை.
அல்லது அவர்களும் தூங்குகிறார்கள்.

விடியற்காலை
பக்கத்துக் காம்பிராவில் ரொட்டி தட்டுகிற சத்தம்
தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கும்.
எழும்ப வேண்டும் என்று தெரியும்.
தெரிவதற்கும் எழும்புவதற்கும் நடுவில்
நனைந்த சாக்கு ஒன்று கிடக்கிறது.
தலையணையில் உள்ளங்கை அகலத்துக்கு
எச்சில்.
மகன் பார்க்குமுன் திருப்பிப் போடுவேன்.

எட்டு மணிக்குப் பெரட்டில் போய் நின்றால்
கங்காணி முகத்தைப் பார்க்காமலே
"அரைப்பேர்" என்பார்.
சரிதான்.
அரை ஆள்தான் வந்திருக்கிறேன்,
மீதி இன்னும் கம்பளிக்குள்.

டிக்கோயா கிளினிக்கில்
டொக்டர் நோனாவிடம் எல்லாம் சொன்னேன்.
நான் சொன்னது நீளம்.
மிஸ்ஸி சிங்களத்தில் சொன்னது இரண்டு சொல்.
"ஏழு மணிக்கே போடச் சொல்றாங்க."
ஏழு மணிக்குத்தான் மகன்
பின்னக் கணக்கோடு வந்து உட்காருவான்.
தொகுதியைச் சொல்லிவிடுவேன்.
பகுதி வருமுன் நாக்கு போய்விடும்.

ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி
மேட்டு லயத்துக்குப் பின்னால் மண் வெடித்து
கோயில் மணியை அடித்துக்கொண்டே இருந்தார்களாம்.
தம்பி புஸ்பநாதன்
என்னை முதுகில் போட்டுக்கொண்டு
நூற்று முப்பது படி ஏறினானாம்.
எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் திறந்தால் கரும்பலகை.
சுவரோரம் நாற்பது பேர்
கண் சிவக்க உட்கார்ந்திருந்தார்கள்,
மலை என்ன சொல்கிறது என்று
காது கொடுத்தபடி.
ஒரு தகரம் அசைந்தால் நாற்பது தலையும் திரும்பியது.
அந்த முகத்தை எனக்குத் தெரியும்.
பதினொரு ராத்திரி நான் வைத்திருந்த முகம்.
இவர்களுக்கு யாரும்
கிளினிக் கொப்பி கொடுக்கவில்லை.

அங்கே தூங்கி எழும்பியவள் நான் ஒருத்திதான்.
ஆகவே நான்தான் தேத்தண்ணி ஊற்றினேன்.
குளிசை பழக்கிய நடுக்கம் கையில் இருந்தது.
வாங்கிய கைகளும் நடுங்கியதால்
யாருக்கும் அது தெரியவில்லை.

குளிசை டப்பா
லயத்து அலுமாரியில் இருக்கிறது.
கீழே போகக் கூடாது என்று
கிராம சேவகர் கயிறு கட்டிவிட்டார்.
மழை விடவில்லை.
ஏழு மணிக்குள்
யாராவது இறங்க வேண்டும்.