ஊம் கொட்ட இடமில்லை

ரியேக்காவில் மலையிலிருந்து புரா இறங்கும் நாளில்
குடை பிடித்து வருபவர் வெளியூர்க்காரர்.
அந்தக் காற்றில்தான் லியெர்க்கா
மொட்டைமாடிக் கொடியில் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டினாள்.
தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே
எட்டு மில்லிமீட்டர் கேமராவை முட்டுக்கொடுத்து
அரை நிமிடத்துக்கு ஒருமுறை சாவி முறுக்கி,
விரல் மரத்து,
ஒன்பது நிமிடம் எடுத்தாள்.
ஆள் இல்லை. வீடு இல்லை. கடல்கூட இல்லை.

கழுவியது ஆஸ்பத்திரியில், இரவுப் பணியில்,
எலும்புகளைக் கழுவும் அதே கரைசலில்.
வெள்ளை விரிப்பு கறுப்பாக வந்தது.
வானம் சாம்பல்.
“கெட்டுப்போச்சா?” என்றேன்.
“வந்திருக்கிறது” என்றாள்.

திரைப்பட மன்றத்தின் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
கதைச்சுருக்கம், ஐந்து வரிக்குள்.
அதை அவள் வெறுமனே விட்டிருந்தாள்.
நான் பகலில் குழாய் ரிப்பேர்க்காரன்,
வெள்ளி இரவில் மட்டும் புரொஜக்டர்.
ஓட்டையைக் கண்டால் அடைக்காமல் கை நிற்காது.
எழுதினேன்:
*கடலுக்குப் போனவன் திரும்பாத வீட்டில்
ஒருத்தி தினமும் அவன் விரிப்பை உலர்த்துகிறாள்.*
அதைப் பிரதியெடுத்து
நாற்காலிக்கு ஒன்றாக வைத்தார்கள்.

நாற்பத்திரண்டு பேர். ஈரக் கோட்டுகளின் வாடை.
கறுப்பு உப்பியது.
முறுக்கிக்கொண்டது.
தன்னைத்தானே அறைந்தது.
ஒரு மூலை மட்டும் சட்டகத்தைவிட்டு ஓடி ஓடித் திரும்பியது.
சாவி தீர்ந்த இடங்களில்
உலகம் ஒரு தும்மல் தும்மித் தொடர்ந்தது.
இதை யாரும் பார்க்கவில்லை.
அவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
ஐந்து வரிக்குள் நான் பெற்றுப்போட்டவளை.

விளக்கு எரிந்ததும்
டிராம் பணிமனை ஃபூமித்சா மூக்கைத் துடைத்தபடி வந்து
லியெர்க்காவின் இரு கன்னத்திலும் முத்தமிட்டாள்.
“கடைசியில் அவன் வந்தானா?”
“எவன்?”
தாளை வாங்கிப் படித்தாள்.
பிறகு நிமிர்ந்து
இயந்திரத்துக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள்.
எக்ஸ்ரேயில் விரிசலைப் பார்ப்பதுபோல,
கோபம் ஏதுமில்லாமல்.

தாள்களைத் தானே பொறுக்கினாள்.
நாலாய் மடித்து
ஆடும் மேசைக்காலுக்கு அண்டக்கொடுத்தாள்.
“பின்னாலிருந்து ஓட்டு. ஃபோக்கஸைக் கலை.”

எழுந்து போனவர்கள் போக, பதின்மூன்று பேர்.
இருளில் சுங்க அலுவலக பெர்ட்டோ வழக்கம்போல
“அப்புறம்?” என்றார்.
யாரும் பதில் சொல்லவில்லை.
கறுப்பு தன் உப்பலை உள்ளே இழுத்துக்கொண்டது,
விட்ட மூச்சைத் திரும்ப வாங்குவதுபோல.
இல்லை, எதையும் போல அல்ல.
“அப்...” என்றார் ஒருமுறை.
அதற்குமேல் அவர் இருக்கையிலிருந்து
நாற்காலி கிறீச்சிடும் சத்தம்கூட வரவில்லை.
ஊம் கொட்டியே பழகிய வாய்கள்
கொட்ட இடமில்லாமல் மெல்லத் திறந்துகொண்டன.
ஃபூமித்சாவின் கை
மடியில் விரிந்தது, சுருங்கியது, விரிந்தது.
அது அவளுக்குத் தெரியாது.

எனக்கு என்ன தெரிந்தது என்று
வீட்டில் கேட்டார்கள்.
வாயெடுத்தேன்.
குழாய்ச்சாவியைத் தேடும் கைபோல
நாக்கு ஒரு வாக்கியத்தைத் தேடியது.
சூப் ஆறிவிட்டது.

வசந்தத்தில் அடுத்த படம் தந்தாள்.
சுருளைச் சுற்றியிருந்தது படிவம்.
பெயர், நீளம், வேகம் எல்லாம் ஒழுங்காக நிரப்பி,
கதைச்சுருக்கம் என்ற கட்டத்தை மட்டும்
அறுவைக் கத்தியால் வெட்டி எடுத்திருந்தாள்.
சதுர ஓட்டை.
பிடித்துப் பார்த்தேன்.
அதன் வழியே மேசையின் ஒரு துண்டு,
ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம்,
நகத்தில் கிரீஸ் போகாத
என் கட்டைவிரல்.